சோதனைக்கு வரும்போது மட்டும் வேலை செய்த போன்

போன வாரம் கார்த்திக் கூப்பிட்டான். நான் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் இப்போது அவன்தான் பொறுப்பு. வீட்டுச் சோதனையை நிறுத்தப் போகிறார்களாம். இனிப் புதிய போன்களைச் சனத்திடம் கொடுத்து, வீட்டில் வைத்துப் பாவித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்கும் வேலை இல்லை. எல்லாவற்றையும் கூடத்துக்குள்ளேயே மெஷின் பார்த்துக்கொள்ளுமாம்.

"அக்கா, அந்த மலரக்கா விஷயத்த நீங்களே எழுதிக் குடுங்களேன். நான் மீட்டிங்ல சொன்னா சிரிக்கிறாங்க," என்றான்.

"சிரிக்கிறவையை என்னட்டை அனுப்பு," என்றேன்.

"அதுக்குத்தான்க்கா எழுதச் சொல்றேன். நீங்க நேர்ல வந்தா அவங்க வேலைய விட்டுட்டுப் போயிடுவாங்க."

இவன் கோயம்புத்தூர்க்காரன். பேச்சில் தேன் தடவித்தான் ஊசி ஏற்றுவான். அவனுக்காக எழுதவில்லை. எரிச்சலில் எழுதுகிறேன். ஓய்வு பெற்று, ஒக்லண்டில் மவுண்ட் ஆல்பர்ட் பக்கம் பழைய மரவீட்டின் பின்பக்கம் வெண்டி நட்டுக்கொண்டு இருக்கிறவளுக்கு எரிச்சல் என்ன என்று கேட்பீர்கள். படியுங்கள், தெரியும்.

என்னுடைய வேலை, சுருக்கமாகச் சொன்னால், போன்களைக் குறை சொல்வது. நாங்கள் வேலை செய்தது ஒரு கைப்பேசிச் சேவை நிறுவனத்தில். எந்தக் கம்பெனியின் போனையும் கடையில் வைத்து விற்க முதல், எங்கள் கூடத்துக்கு வரும். நாங்கள் அதை விழுத்துவோம், நனைப்போம், சூடாக்குவோம், சிக்னல் புகாத அறைக்குள் அடைத்து மூச்சுத் திணற வைப்போம். பிறகு "விற்கலாம்" அல்லது "விற்கக்கூடாது" என்று எழுதுவோம். யாழ்ப்பாணத்தில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்ததும், சண்டைக்குள் அதைப் பாதியில் விட்டதும், இங்கே வந்து நியூ லின் மோலுக்குள் ஒரு கடையில் உடைந்த திரை மாற்றிக்கொண்டிருந்ததும், வேலை முடிந்து போய்ப் படித்து மிச்சத்தை முடித்ததும் பெரிய கதை. அதை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. கூடத்துக்குள் போனேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அவ்வளவுதான்.

என் மேலதிகாரி ஃபியோனா. தெற்குத் தீவில் பண்ணை வீட்டில் வளர்ந்த மனுசி. எனக்கு அவளைப் பிடிக்கும், ஆனால் அவளுக்கு முன்னால் போய் நிற்கப் பயம். சத்தம் போட்டதே இல்லை. போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டு ஆறியிருப்பேன். அவள் ஒரு அப்பிளை எடுத்துக் கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டே நாங்கள் சொல்வதைக் கேட்பாள். முழுக்கக் கேட்டு முடிந்ததும் ஒரே ஒரு சொல். "காட்டு."

காட்ட முடியாவிட்டால் அந்தக் குறை குறையே இல்லை. "ஒருமுறை நடந்தது என்றால் அது கதை. திரும்ப நடத்திக் காட்டினால்தான் குறை," என்பாள். கூடத்தில் இது எழுதாத சட்டம். போன் தயாரித்த கம்பெனிக்காரன் எதிரே உட்கார்ந்திருப்பான், அவனுக்கு முன்னால் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாயை மூட வேண்டும். எனக்கு வாயை மூடுவது கஷ்டம் என்பது உலகத்துக்கே தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த மலிவுப் போன் வந்தது.

பெயர் சொல்லமாட்டேன். நல்ல போன். மலிவு என்றால் சும்மா மலிவு இல்லை, மாணவர்களும் பென்ஷன்காரரும் வாடகை கட்டிவிட்டு மிச்சத்தில் வாங்கக்கூடிய விலை. அதற்கு மேல் ஒரு கவர்ச்சி வைத்திருந்தார்கள். முதுகு மூடியைக் கழற்றி விருப்பம்போல மாற்றலாம். சிவப்பு, மரக்கலர், பூப்போட்டது என்று எத்தனையோ. எல்லாவற்றையும்விடச் சனம் ஆசைப்பட்டது கண்ணாடி மாதிரித் தெளிவான மூடிக்கு. அதற்கும் போனுக்கும் இடையில் ஒரு மெல்லிய இடுக்கு. அதற்குள் பிள்ளையின் படம், ரக்பி டீமின் கொடி, காய்ந்த இலை, எது வேண்டுமானாலும் செருகலாம். விளம்பரமே அதைத்தான் சொன்னது. எங்கள் கூடத்தில் ஒருத்தி தன் பூனையின் படத்தைச் செருகிக்கொண்டு திரிந்தாள். கார்த்திக்கின் போனில் அவனுடைய மூன்று பிள்ளைகளும் பல்லை இளித்துக்கொண்டு இருந்தார்கள்.

கூடத்துச் சோதனை எல்லாவற்றிலும் போன் தேறியது. அடுத்தது வீட்டுச் சோதனை. பலவிதமான ஆட்களிடம் கொடுக்க வேண்டும். அப்படித்தான் மலரக்காவிடம் ஒன்று போனது. கொடுத்ததே நான்தான்.

மலரக்கா எனக்குச் சொந்தம் இல்லை, ஆனால் சொந்தத்தைவிட ஒட்டு. கோயிலில் பழக்கம். பிளாக்ஹவுஸ் பேயில் கடலை நோக்கி இறங்குகிற ஒரு சரிவான தெருவின் அடியில் வீடு. அவவின் கணவர் பரமலிங்கம் அண்ணை அந்த வருடத் தொடக்கத்தில் நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பி வந்திருந்தார். மலரக்காவின் பழைய போன் அடிக்கடி செத்துப் போகும். புதுப் போன் ஒன்று கையில் இருந்தால் மனுசிக்கு நிம்மதி, எங்களுக்கும் பள்ளத்துக்குள் சிக்னல் எப்படி என்று தெரியும் என்று நினைத்தேன். அவவும் தெளிவான மூடியைத்தான் கேட்டா.

சில நாளில் முறைப்பாடு வந்தது. "கௌரி, இது சிலவேளை செத்த சவம் மாதிரிக் கிடக்குது. சிக்னல் ஒரு கோடும் இல்லை."

நான் போனைக் கேட்டேன். நியூ லின் ஸ்டேஷனில் கொண்டுவந்து தந்தா. கூடத்தில் வழக்கமான முறைப்படி பார்த்தோம். முதலில் பாவிப்பவரின் மூடியைக் கழற்றிவிட்டு எங்கள் அளவு மூடியைப் போடுவது. அப்போதுதான் எல்லாப் போனையும் ஒரே தராசில் நிறுத்த முடியும். பிறகு அறைக்குள் வைத்துச் சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவது. எந்த இடத்தில் போன் கைவிடுகிறது என்று பார்ப்பது. தங்கமான போன், கடைசிவரை பிடித்து நின்றது. சந்தேகத்தில் அவவின் மூடியையே போட்டும் பார்த்தோம். அப்போதும் ஒரு குறையும் இல்லை. திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாளில் மறுபடி அதே முறைப்பாடு. மறுபடி வாங்கினேன். மறுபடி தங்கம்.

"மலரக்கா, நீங்கள் பிளேன் மோட்டிலை போட்டிருப்பியள்."

"எனக்கென்ன விசரே? நான் பிளேனிலை போறனோ?"

கார்த்திக் மெதுவாகச் சொன்னான். "அக்கா, வயசானவங்க, ஏதாச்சும் தெரியாம அழுத்திருப்பாங்க. ஃபியோனாகிட்ட இத எப்படிக் காட்டப் போறீங்க?"

"காட்டுவன்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

பிறகு நடந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு சனிக்கிழமை காலை, பரமலிங்கம் அண்ணை முற்றத்தில் கறிவேப்பிலைச் சாடிக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். மலரக்கா போனை எடுத்து அவசர இலக்கம் 111 அடித்திருக்கிறா. போகவில்லை. திரும்ப அடித்திருக்கிறா. போகவில்லை. சிக்னல் இல்லை என்று போன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மனுசி போனை எறிந்துவிட்டு, செருப்பும் இல்லாமல் அந்தச் சரிவில் மேல்வீட்டுக்கு ஓடியிருக்கிறா. மேல்வீட்டுச் சமோவாக்காரப் பொடியன் கூப்பிட்டு அம்புலன்ஸ் வந்தது. அண்ணை தப்பினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கண்டதும் மலரக்கா சொன்னது இன்றைக்கும் காதுக்குள் நிற்கிறது. "நீ தந்த போனடி, கௌரி."

அந்த ஒரு வசனத்தோடு நான் காருக்குள் போயிருந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. போனில் கோபம், கம்பெனியில் கோபம், எல்லாவற்றையும்விட ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியாத என் மூளையில் கோபம்.

திங்கட்கிழமை ஃபியோனாவிடம் போனேன். போனை விற்பதா இல்லையா என்ற இறுதிக் கூட்டம் அடுத்த நாள். கம்பெனியின் ஆள் கிரெக் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டான். கடைகளில் விளம்பரத் தட்டிகள் தொங்கத் தொடங்கிவிட்டன. நான் நடந்ததைச் சொன்னேன். ஃபியோனா அப்பிளை வெட்டிக்கொண்டே கேட்டாள். துண்டு ஒன்றைக் கத்தி நுனியில் வைத்தபடி வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தாள்.

"அந்த மனிதர் எப்படி இருக்கிறார்?"

"வீட்டுக்கு வந்துவிட்டார்."

"நல்லது." பிறகு, நான் பயந்த மாதிரியே, "காட்டு, கௌரி," என்றாள்.

"காட்ட முடியவில்லை. ஆனால் அந்தப் போன் நாளைக்கு வெளியே போனால் இன்னொருவருக்கு இது நடக்கும். அவருக்கு மேல்வீடு இருக்குமோ தெரியாது."

"இன்றைக்கு முழுவதும் உனக்கு இருக்கிறது. நாளைக் கூட்டத்தில் உன்னிடம் கதைதான் இருக்குமென்றால் நான் கையெழுத்துப் போடுவேன். போடாமல் இருக்க எனக்குக் காரணம் வேண்டும்."

அவள் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் எனக்கு இன்னும் பற்றி எரிந்தது.

நேரே பிளாக்ஹவுஸ் பேக்குப் போனேன். மலரக்கா கதவைத் திறந்து, "வா," என்றா. முகத்தில் ஒன்றும் இல்லை. அண்ணை ஹோலில் சாய்மனைக் கதிரையில் போர்வையோடு கிடந்தார்.

"போனைத் தாங்கோ, மலரக்கா. இஞ்சை வைச்சே பாக்கப்போறன்."

"பொறு," என்று சொல்லிவிட்டு அவ போனோடு உள்ளறைக்குப் போனா. கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்து தந்தா. முன்பு ஸ்டேஷனில் தரும்போதும் இப்படித்தான், ஒரு பக்கமாகத் திரும்பி நின்று கைப்பைக்குள் ஏதோ செய்துவிட்டுத்தான் தருவா. படம், மெசேஜ், பிள்ளைகளின் குடும்பச் சங்கதி ஏதும் மறைக்கிறா என்று நினைத்திருந்தேன். அதைக் கேட்பது மரியாதை இல்லை.

வீடு முழுவதும் நடந்தேன். குசினி, படுக்கையறை, குளியலறை, முற்றத்தில் அவர் விழுந்த அதே இடம். பள்ளம்தான், சிக்னல் மெலிவுதான். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் போன் பிடித்தது. கார்த்திக்குக்கு அழைப்பு எடுத்தேன், பேசினான். திரும்ப எடுத்தேன், திரும்பப் பேசினான். "அக்கா, கிளியரா கேக்குது," என்றான், பாவமாக. எனக்கு அந்தப் போனைச் சுவரில் அடித்து நொறுக்க வேண்டும்போல் இருந்தது. சாகப்போன மனுசனுக்கு வேலை செய்யாத சாமான், எனக்கு மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறது.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றா மலரக்கா.

"வேண்டாம்," என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நாளைக்குத் தோற்றுப் போகப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. காரில் ஏறினேன். அப்போதுதான் என் குடையைக் கதவு மூலையில் விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. ஒக்லண்டில் குடையை மறந்தால் அன்றைக்கே மழை வரும். இறங்கி ஏறச் சோம்பலாக இருந்தது. அண்ணை கதிரையில் கிடக்கிறார், பெல் அடித்து எழுப்பக்கூடாது என்றும் ஒரு எண்ணம். மலரக்காவைக் கதவடிக்கு வரச் சொல்லலாம் என்று காருக்குள் இருந்தபடியே அவவின் போனுக்கு எடுத்தேன்.

நீங்கள் அழைக்கும் இலக்கத்தோடு இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் சொன்னது.

கொஞ்சத்துக்கு முன்னால்தான் அந்தப் போனில் கார்த்திக்கோடு கதைத்தேன். அதே வீடு, அதே போன், அதே பள்ளம். மாறியது என்ன? போன் என் கையிலிருந்து அவவின் கைக்குப் போனது. அவ்வளவுதான். திரும்ப அடித்தேன். அதே குரல்.

காரின் கதவைக்கூடச் சாத்தவில்லை. படியில் தடக்கி, முட்டியை உரசிக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே ஓடினேன். மலரக்கா குசினி மேசையடியில் போனோடு நின்றா. நான் பாய்ந்து அதைப் பறித்தேன். பறித்தது சரியான சொல். திரையில் ஒரு கோடும் இல்லை. பின்பக்கம் திருப்பினேன். தெளிவான மூடிக்குள்ளே, மேல்பக்கத்தில், செப்புநிறத்தில் ஏதோ மினுங்கியது. கோடுகள், எழுத்துகள், நடுவில் ஒரு புள்ளி.

தகடு. கோயிலில் பூசை செய்து தருகிற யந்திரத் தகடு.

மூடியைத் திறக்க நகத்தை வைத்தேன்.

"தொடாதையடி!" மலரக்கா போட்ட சத்தத்தில் அண்ணை கதிரையில் எழும்பி உட்கார்ந்தார். "செருப்போடை நிண்டுகொண்டு அதைத் தொடுறியே! போய்க் கையைக் கழுவு!"

என்ன சொல்ல? ஒரு பக்கம் நாளைக்குக் கடைக்குப் போகிற ஆயிரக்கணக்கான போன். இன்னொரு பக்கம் என் செருப்பு. நான் செருப்பைக் கழற்றிக் கதவடியில் எறிந்துவிட்டு வந்து, குசினித் தொட்டியில் கையைக் கழுவினேன், துடைத்தேன். பிறகு போனை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். மலரக்காதான் தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தா.

கோடுகள் எழும்பின. ஒன்று, இரண்டு.

"திரும்ப வையுங்கோ."

வைத்தா. மேல்பக்கமாக. கோடுகள் விழுந்தன.

"ஏன் மேலை வைக்கிறியள்?"

"பின்னை? சாமியைக் கீழை வைக்கிறதோ?"

அந்த மலிவுப் போனின் அன்டெனா மேல்பக்கத்தில், மூடிக்கு நேரே அடியில் இருந்தது. செலவைக் குறைக்க ஓரச்சட்டத்தில் போடாமல் முதுகில் ஒட்டியிருந்தார்கள். கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கடதாசிப் படம் வைத்தால் ஒன்றும் ஆகாது. செப்பு வைத்தால் குரல்வளையைப் பிடித்த மாதிரி. சிக்னல் நல்ல இடத்தில் சமாளிக்கும், பள்ளத்தில் செத்துப்போகும்.

"ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?" என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எத்தினைதரம் கேட்டன்! ஒவ்வொருக்காலும் எடுத்துப்போட்டுத் தந்திருக்கிறியள்!"

"ஊரிலையிருந்து தங்கச்சி செய்விச்சு அனுப்பினது. ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு ஐயர் சொன்னவராம், சொன்னால் பலிக்காது. பிறகு, மாட்டிறைச்சி தின்னுற ஆக்களின்ரை கையிலை எப்பிடிக் குடுக்கிறது? அதுதான் எடுத்துச் சாமித்தட்டிலை வைச்சிட்டுத் தந்தனான். ஸ்டேஷனிலை எண்டால் கைலேஞ்சியிலை சுத்தி."

"போனுக்குள்ளை ஏன் வைச்சியள்? கழுத்திலை கட்டியிருக்கலாமே அவருக்கு?"

மலரக்கா என்னைப் பார்த்த பார்வை. "அவருக்கு ஏதும் எண்டால் இதாலைதானே கூப்பிடோணும்? அதுதான் இதுக்குள்ளை வைச்சன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவவுக்கே விளங்கியது. அவ தகட்டைப் பார்த்தா. மேசையில் கிடந்த போனைப் பார்த்தா. கோடு எழும்பியதையும் விழுந்ததையும் அவ கண்ணாலேயே கண்டிருந்தா. முகம் அப்படியே வெளிறிப்போனது.

"அப்ப அண்டைக்கு..." என்றா.

"மலரக்கா, இது போனின்ரை பிழை. எதையும் உள்ளை வையுங்கோ எண்டு அவங்கள்தானே சொன்னவங்கள்."

"போ, கௌரி."

"மலரக்கா..."

"வீட்டை போ எண்டு சொன்னன்."

அண்ணை கதிரையிலிருந்து, பலமில்லாத குரலில், "இஞ்சரப்பா, நீ ஓடின ஓட்டம்தானே என்னைக் காப்பாத்தினது," என்றார். அவ அவரையும் பார்க்கவில்லை. தகட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. நான் குடையை மறுபடியும் விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் கூட்டத்துக்கு அந்தத் தகடு என்னிடம் இல்லை. கேட்கவும் மனம் வரவில்லை. காலையில் கார்த்திக்கிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குக்கா. வாசல் நிலைக்கு மேல. என் பொண்டாட்டி ஆணியடிச்சு வச்சிருக்கா."

"கழட்டிக்கொண்டு வா."

"அவ என்னைக் கழட்டிடுவா. செப்புத் தகடு நம்ம ஸ்டோர்லயே இருக்கு. அதே சைஸ்ல வெட்டித் தர்றேன்."

வெட்டித் தந்தான். ஓரத்தை அரத்தால் ராவி, கை கிழிக்காமல் பார்த்துத் தந்தான். அந்த நேரத்தில் அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

கூட்டத்தில் கிரெக் சிரித்த முகத்தோடு இருந்தான். நான் செப்பைச் செருகி, அறைக்குள் வைத்துக் காட்டினேன். பிளாக்ஹவுஸ் பேப் பள்ளத்தின் அளவுக்குச் சிக்னலைக் குறைத்ததும் போன் கைவிட்டது. அவசர அழைப்பும் போகவில்லை. செப்பை வெளியே எடுத்தேன், பிடித்தது. செருகினேன், கைவிட்டது. கிரெக்கின் சிரிப்புப் போனது. ஆனால் ஆள் சுதாரித்துக்கொண்டான்.

"இது போனின் குறை இல்லையே," என்றான். "இது பாவிப்பவரின் தவறு. போனுக்குள் செப்பு வைப்பது யார்? ஏதோ ஒரு மூடநம்பிக்கைக்காக ஒரு பெண் செய்ததற்கு நாங்கள் அன்டெனாவை மாற்ற முடியுமா? ஒரு எச்சரிக்கை வரி போட்டால் போதும்."

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. மூடநம்பிக்கையாம்! வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, நல்லதாக இருந்திருக்காது. ஃபியோனா கத்தியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அவள் அப்பிளைப் பாதியில் விட்டு நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

"உங்கள் விளம்பரத்தை வாசிக்கிறீர்களா, கிரெக்?" சுவரில் சாய்ந்திருந்த தட்டியைக் காட்டினாள். "சத்தமாக."

அவன் தயங்கினான். பிறகு வாசித்தான். "உங்களுக்கு மிகவும் வேண்டியதை உள்ளே வையுங்கள்."

"அந்தப் பெண் அதைத்தான் செய்திருக்கிறாள்," என்றாள் ஃபியோனா.

அவள் கையெழுத்துப் போடவில்லை. சத்தமும் போடவில்லை. எழும்பி, அப்பிளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

போன் பிந்தித்தான் கடைக்கு வந்தது. இடுக்கின் மேல்பகுதியை அடைத்து, அங்கே எதுவுமே நுழையாதபடி ஒரு பிளாஸ்டிக் வரம்பு வைத்தார்கள். அன்டெனாவையும் ஓரத்துக்கு நகர்த்தினார்கள். கார்த்திக் வெட்டிய செப்பைச் செருகி நானே பார்த்தேன், பிடித்தது. மலரக்காவின் பழைய சோதனைப் போனை மாற்றிப் புதியதை ஒரு பெட்டியில் வைத்து, அண்ணையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவ உள்ளே இருந்தா. வெளியே வரவில்லை.

கோயிலில் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கமாகப் போவா. தேர் அன்று அன்னதானத்தில் என் தட்டுக்கு நேரே சாம்பார் வாளியோடு வந்தா. சாம்பாரை ஊற்றினா, அடுத்த ஆளிடம் போனா. முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் என்மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னைக் காணும்போதெல்லாம் அவவுக்கு அந்தச் சனிக்கிழமை காலை ஞாபகம் வருகிறது. அதற்கு நான் என்ன செய்ய? தகடுதான் காரணம் என்று அவவுக்குக் காட்டாமல் விட்டிருக்கலாமே என்று என் மகள் இங்கிலீஷில் கேட்டாள். எப்படி விடுவது? காட்டாமல் விட்டால் அந்தத் தகடு திரும்பவும் போனுக்குள் ஏறியிருக்கும். ஆனாலும் எனக்கு அது வலித்தது. நல்ல ஒரு சிநேகிதியை இழந்தேன் என்றுதான் நினைத்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மத்தியானம். நியூ லின்னில் மீன் வாங்க வரிசையில் நின்றேன். கைப்பைக்குள் போன் அடித்தது. மலரக்காவின் பெயர். இத்தனை நாள் பேசாத மனுசி எடுக்கிறா என்றால் என்னவாக இருக்கும்?

"மலரக்கா?"

மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ கட்டில் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

"கௌரி, அவருக்குத் திரும்பவும் வந்திட்டுது."

நான் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"கோல் போச்சுதடி," என்றா. "முதல்தரமே போச்சுது. நான் ஓடேல்லை. அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலையே இருந்தனான்."

"அண்ணை எப்பிடி?"

"சூப்பிலை உப்பில்லையெண்டு நேர்ஸோடை கொளுவிக்கொண்டு கிடக்கிறார்."

நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் என் முதுகைத் தொட்டு, சுகமா என்று கேட்டாள். தலையாட்டினேன். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"தகடு எங்கை, மலரக்கா?"

"அவரின்ரை தலையணைக்குக் கீழை," என்றா. "போன் என்ரை கையிலை. ரெண்டையும் கிட்ட விடமாட்டன், நீ பயப்பிடாதை. பின்னேரம் வா. வரேக்கை உப்பு கொஞ்சம் மறைச்சுக் கொண்டுவரச் சொல்லி அந்தாள் கேக்குது. கொண்டுவந்திடாதை. உன்ரை குடை இன்னும் எங்கடை வீட்டிலைதான் கிடக்குது."